சோபர்ஸ் மன்னிப்புக் கேட்ட வருடம்

(எங்கள் மாதாந்த ஞாயிறு கூடலில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதிச் சற்றுத் திருத்தியது. பேச்சுத்தமிழ் பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இண்டைக்குக் கிரிக்கெட் பற்றிப் பேசப்போறன் எண்டு அறிவித்ததும் ஒரு தோழர் கேட்டார்: “போன கூட்டத்தில நிலச் சீர்திருத்தம், இந்தக் கூட்டத்தில விளையாட்டுச் செய்தியோ?” கொஞ்சம் பொறுங்கோ, நிலச் சட்டம் ஒன்றும் இந்தக் கதைக்குள்ள வரும் எண்டு அவருக்குச் சொன்னன்.

கார்ஃபீல்ட் சோபர்ஸ். கிரிக்கெட் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் ஆளை முதலில் அறிமுகப்படுத்த வேண்டும். 1936 ஜூலையில் பார்படோஸில் பிறந்தவர். மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு 93 டெஸ்ட் போட்டிகள் விளையாடினார். 8032 ஓட்டங்கள், சராசரி 57.78. அதோடு 235 விக்கெட், 109 பிடிகள். இன்றைக்குச் சகலதுறை வீரர் என்றால் கொஞ்சம் துடுப்பாட்டம், கொஞ்சம் பந்துவீச்சு என்று நினைக்கிறோம். இவர் இடக்கையால் வேகமாகவும் போடுவார், சுழலும் போடுவார், தேவைப்பட்டால் மணிக்கட்டைத் திருப்பிப் போடுகிற மற்றச் சுழலும் போடுவார். மூன்று பந்துவீச்சாளர்களின் வேலையை ஒரு சம்பளத்துக்குச் செய்த மனிதர். தொழிற்சங்கக்காரர்கள் இதைக் கவனிக்க வேணும்.

1958இல், 21 வயதில், கிங்ஸ்டனில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 365 அடித்தார். பிரயன் லாரா 1994இல் அன்டிகுவாவில் 375 அடிக்கும்வரை 36 வருஷம் அந்தச் சாதனை நின்றது. 1968 ஓகஸ்ட் 31இல் ஸ்வான்சியில் மல்கம் நாஷின் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர். இதெல்லாம் யூடியூபில் இருக்கு, வீட்டில போய்ப் பாருங்கோ. நான் பேச வந்தது 1970 செப்டெம்பரில் அவர் விளையாடிய இரண்டு நாள் ஆட்டம் ஒன்றைப் பற்றி. அந்த ஆட்டத்தின் ஓட்டக்கணக்கு எவருக்கும் ஞாபகமில்லை.

அதற்கு முன் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். பிறிஜ்டவுண் நகரத்தில் பே லாண்ட் என்ற ஏழைப் பகுதி. தகப்பன் கப்பல் தொழிலாளி. 1942 ஜனவரியில் அவர் வேலைசெய்த கனடியக் கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அப்போது சோபர்ஸுக்கு ஐந்து வயது. தாய் தெல்மாதான் பிள்ளைகளை வளர்த்தார். அவர் பிறந்த அடுத்த வருஷம், 1937 ஜூலையில், கிளெமன்ட் பெய்ன் என்ற தொழிலாளர் பேச்சாளரை அரசு நாடுகடத்த, பிறிஜ்டவுணில் கலவரம் வெடித்தது. பொலிஸ் சுட்டு 14 பேர் செத்தார்கள். பார்படோஸின் தொழிற்சங்க இயக்கம் அங்கேயிருந்துதான் எழுந்தது.

அந்தத் தீவில் கிரிக்கெட் கழகங்களைப் பார்த்தால் வர்க்கப் படத்தை அப்படியே வரையலாம். வெள்ளைத் தோட்ட முதலாளிகளுக்கும் வணிகர்களுக்கும் வொண்டரர்ஸ், பிக்விக். படித்த கறுப்பு நடுத்தர வர்க்கத்துக்கு ஸ்பார்ட்டன். அதற்கும் கீழே உள்ள எழுதுவினைஞர், ஆசிரியர் மட்டத்துக்கு எம்பயர். பே லாண்ட் பொடியனுக்கு இதில் ஒரு கதவும் திறக்காது. கிராமங்களுக்கும் தொழிலாளர்களுக்குமான பார்படோஸ் கிரிக்கெட் லீக் 1936இல்தான் தொடங்கியது. சோபர்ஸ் பொலிஸ் அணிக்குள் போனது, பொலிஸ் வாத்தியக் குழுவில் பியூகிள் ஊதுகிறவராகச் சேர்க்கப்பட்டதால். பந்து போடத் தெரிந்த பொடியனை அணிக்குள் கொண்டுவர ஒரு குழல் தேவைப்பட்டிருக்கு. 17 வயதில், 1954 மார்ச்சில், இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். பந்துவீச்சாளராகத்தான் எடுத்தார்கள், துடுப்பாட்டத்தில் ஒன்பதாவது ஆள்.

இனி அணித்தலைமை. மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர் எப்போதும் வெள்ளையராக, அல்லது வெள்ளைத் தோலுக்கு மிக அருகில் உள்ளவராகவே இருந்தார். ஜோர்ஜ் ஹெட்லி 1948இல் ஒரேயொரு டெஸ்டுக்குத் தலைமை தாங்கியதுதான் விலக்கு. உலகத்தின் மிகச் சிறந்த துடுப்பாட்ட வீரர்களாகக் கறுப்பர் இருக்கலாம், ஆனால் நாணயத்தைச் சுண்டப் போகிறவர் முதலாளி வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். இதை உடைக்க ட்ரினிடாட்டில் ‘நேஷன்’ பத்திரிகை ஆசிரியராக இருந்த சீ.எல்.ஆர். ஜேம்ஸ் ஒரு பிரசாரமே நடத்தினார். ‘கறுப்பு ஜக்கோபின்கள்’ எழுதிய அதே ஜேம்ஸ்தான். ஃபிராங்க் வொரலைத் தலைவராக்கு என்பது கோரிக்கை. 1960–61 அவுஸ்திரேலியப் பயணத்துக்கு வொரல் தலைவரானார். பிறிஸ்பேனில் சமநிலையில் முடிந்த முதல் டெஸ்ட் அந்தப் பயணத்தில்தான். அதில் சோபர்ஸ் அடித்தது 132.

வொரலுக்குப் பிறகு 1965இல் சோபர்ஸ். முதல் தொடரிலேயே அவுஸ்திரேலியாவை 2–1 என்று வென்றார்கள். மேற்கிந்தியர் அவுஸ்திரேலியாவைத் தொடரில் வென்றது அதுதான் முதல் தடவை. 1966இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் 722 ஓட்டங்கள், 20 விக்கெட். லோர்ட்ஸில் ஐந்து விக்கெட் 95 ஓட்டங்களுக்குப் போன நேரம், உறவினரான டேவிட் ஹோல்ஃபோர்டோடு சேர்ந்து ஆட்டமிழக்காமல் 274 ஓட்டங்கள் சேர்த்தார். அந்த நாட்களில் லண்டன் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைசெய்த கரீபியன் சனம் அதை எப்படிக் கொண்டாடியிருக்கும் என்று, இங்கே வந்து மூட்டை தூக்கின எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வருஷ நவம்பரிலேயே பார்படோஸ் சுதந்திரமடைந்தது.

ஆக, அவர் தலைவராக நின்ற இடம் அரசியல் போராட்டத்தால் கிடைத்த இடம். அவர் அதை அப்படிப் பார்த்தாரா என்றால், பெரிதாக இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவருடைய சீவியம் வேறொரு தாளத்தில் ஓடியது. 1958 முதல் இங்கிலாந்தின் லாங்கஷயர் பகுதியில் ராட்கிளிஃப் கழகத்தின் கூலி ஆட்டக்காரர். பிறகு தென் அவுஸ்திரேலிய மாநிலத்துக்கு. 1968 முதல் நொட்டிங்கம்ஷயருக்கு. இடையில் மேற்கிந்தியப் பயணங்கள். கோடை எங்கேயோ அங்கே போய் உழைப்பை விற்கிற புலம்பெயர் தொழிலாளி. அவருடைய நெருங்கிய நண்பன் கொலி ஸ்மித் 1959 செப்டெம்பரில் இங்கிலாந்தில் கார் விபத்தில் இறந்தான். காரை ஓட்டியது சோபர்ஸ். அதற்குப் பிறகு இரண்டு பேருக்காகவும் விளையாட வேண்டும் என்று நினைத்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். ஓய்வே எடுக்காத அந்த மனிதரை விளங்கிக்கொள்ள இதுவும் வேணும்.

இப்போது 1970. தென்னாபிரிக்க வெள்ளை அணி இங்கிலாந்துக்கு வரவிருந்தது. பீற்றர் ஹெய்ன் முதலானவர்களின் மறியல் இயக்கமும், பொதுநலவாய விளையாட்டு விழாவை ஆபிரிக்க நாடுகள் பகிஷ்கரிக்கும் என்ற அழுத்தமும் சேர்ந்து அந்தப் பயணம் நிறுத்தப்பட்டது. இடத்தை நிரப்ப ‘உலக அணி’ ஒன்றை உண்டாக்கினார்கள். தலைவர் சோபர்ஸ். அணியில் கரீபியர், பாகிஸ்தானியர், இந்தியர், அவர்களோடு தென்னாபிரிக்க வெள்ளையர்களான கிரயம் பொலொக், பறி றிச்சட்ஸ், எடி பார்லோ, மைக் புறொக்டர். லோர்ட்ஸில் சோபர்ஸ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்து, பிறகு 183 அடித்தார். தொடரை 4–1 என்று வென்றார்கள். ஒரே உடைமாற்றும் அறை, நல்ல நட்பு. அந்த நட்பில் பார்லோ கேட்டார்: சோல்ஸ்பரிக்கு வந்து இரண்டு பேர் சோடியாக ஆடும் போட்டியில் விளையாடுறியா? இரண்டு நாள் வேலை, 600 பவுன். சோபர்ஸ் ஓம் என்றார்.

சோல்ஸ்பரி, இன்றைய ஹராரே, அப்போது ரொடீசியாவின் தலைநகர். 1965 நவம்பரில் இயன் ஸ்மித்தின் சிறுபான்மை அரசு, கறுப்பருக்கு ஆட்சி போய்விடக் கூடாது என்பதற்காகவே தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. ஐ.நா. முழுமையான பொருளாதாரத் தடை போட்டது 1968இல். இங்கேதான் நான் சொன்ன நிலச் சட்டம் வருகுது. 1969 நிலவுரிமைச் சட்டம் நாட்டின் நிலத்தை ஏறக்குறைய இரண்டாகப் பிரித்தது. சனத்தொகையில் கிட்டத்தட்ட 5 சதவீதமான வெள்ளையருக்கு ஒரு பாதி, மிச்சம் எல்லோருக்கும் மற்றப் பாதி. எந்தப் பாதி நல்ல மண் என்று நீங்களே யோசியுங்கோ. எதிர்ப்பு இயக்கங்களின் தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தார்கள்.

அங்கே போனார் சோபர்ஸ். தென்னாபிரிக்க அணியின் தலைவர் அலி பாக்கரோடு சோடி சேர்ந்து ஆடினார். ஸ்மித்தைச் சந்தித்தார். அவரைப் பற்றி நல்ல வார்த்தையும் சொன்னார். சனம் மைதானத்தில் கைதட்டியது.

ஊரில் தீப்பற்றியது. பார்படோஸ் தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் வோல்கொட் வெளிப்படையாகக் கண்டித்தார். கயானாவின் பிரதமர் ஃபோர்ப்ஸ் பேர்ன்ஹம், வருத்தம் தெரிவிக்கும்வரை சோபர்ஸ் என்ர நாட்டில் கால் வைக்க வேண்டாம் என்ற தொனியில் பேசினார். தலைமையைப் பறி என்று பத்திரிகைகளில் குரல். கயானாவில் ஆட முடியாத ஒருவர் மேற்கிந்தியத் தலைவராக எப்படி இருப்பது? அணியே உடைகிற நிலைமை. பல நாடுகள் சேர்ந்து ஒரு அணி, நாடுகளின் கூட்டாட்சி 1962இலேயே கலைந்துபோச்சு, மிச்சம் இருந்த பொதுச் சொத்து கிரிக்கெட்தான்.

ஏன் இவ்வளவு கோபம் என்பதற்கு அந்த வருஷத்தைப் பார்க்க வேணும். 1968 ஒக்டோபரில் ஜமெய்க்கா அரசு வோல்டர் ரொட்னியை நாட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்ப, கிங்ஸ்டன் தெருக்கள் பற்றி எரிந்தன. 1970 பெப்ரவரியிலிருந்து ட்ரினிடாட்டில் கறுப்பு அதிகார ஊர்வலங்கள், ஏப்ரலில் அவசரகாலச் சட்டம், இராணுவத்தின் ஒரு பகுதி கலகம். பார்படோஸ் அரசு அதே வருஷம் கறுப்பு அதிகாரப் பேச்சாளர்களைக் கட்டுப்படுத்தப் பொது ஒழுங்குச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திரம் வந்தும் தோட்டமும் வங்கியும் பழைய கைகளிலேயே இருக்கு என்று இளைஞர்கள் கத்திக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரம் பார்த்து எங்கட ஆள், பே லாண்ட் பிள்ளை, போய் ஸ்மித்தோடு கைகுலுக்குகிறான்.

இதில் ஒரு விஷயத்தை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புறன். கீழேயிருந்து வந்த கோபம் உண்மையானது. மேலேயிருந்து வந்த கோபம் பாதி நடிப்பு. உள்ளூரில் ரொட்னியையும் ஸ்டோக்லி கார்மைக்கலையும் பேச விடாத அரசுகளுக்கு, ஆறாயிரம் மைல் தள்ளியிருந்த இயன் ஸ்மித்தைத் திட்டுவது செலவில்லாத வேலை. பேர்ன்ஹம் 1968 தேர்தலைக் களவாடித்தான் கதிரையில் இருந்தார். பத்து வருஷம் கழித்து, 1980 ஜூனில், அவருடைய ஆட்சியில்தான் ரொட்னி ஜோர்ஜ்டவுணில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். அதே பேர்ன்ஹம் 1981இல், தென்னாபிரிக்காவில் ஆடியவர் என்று இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் றொபின் ஜக்மனை வெளியேற்ற, ஜோர்ஜ்டவுண் டெஸ்டே நடக்காமல் போனது. ஜக்மன் விஷயத்தில் அவர் செய்தது சரியா? சரிதான். ஒரு கொடுமைக்காரன் சரியான கோரிக்கையைத் தூக்கிப் பிடிக்கலாம். கோரிக்கை அதனால் கெட்டுப்போகாது, அவனும் அதனால் நல்லவனாக மாட்டான். இலங்கை அரசியல் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதினமா?

சோபர்ஸின் முதல் பதில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியதுதான்: நான் கிரிக்கெட் வீரன், அரசியல்வாதி இல்லை. இதைக் கேட்டுச் சிரிக்காதேங்கோ. வருஷக்கணக்காகத் தன் உழைப்பைத் தனியாகவே விலைபேசி விற்ற தொழிலாளிக்கு, வேலை என்பது தனிப்பட்ட ஒப்பந்தம். கூப்பிட்டார்கள், காசு தந்தார்கள், போனேன். இந்த மனநிலையை எங்கட வீடுகளிலும் காணலாம். ஆனால் அவரை அழைத்தவர்கள் 600 பவுனுக்கு வாங்கியது துடுப்பாட்டத்தை மட்டும் இல்லை. கறுப்பு அணியின் தலைவரே வந்து ஆடுகிறார், எங்களிடம் நிறவெறி எங்கே என்று உலகத்துக்குக் காட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அந்தப் படத்தில் விலை போனது வொரலின் தலைமைப் பதவி, ஜேம்ஸின் பத்திரிகை, தெருவில் நின்ற சனம். அதை விற்க அவருக்குத் தனி உரிமை இருந்ததா?

இடதுசாரிகள் இதில் எப்போதும் ஒரே குரலில் பேசினார்கள் என்றும் இல்லை. 1959இல் வொரல் ஒரு கறுப்பு அணியைத் தென்னாபிரிக்காவுக்குக் கூட்டிப் போய் அங்குள்ள வெள்ளையரல்லாத அணிகளோடு ஆடத் திட்டமிட்டார். போகட்டும், அந்த மக்கள் இவர்களைக் காணட்டும் என்றார் ஜேம்ஸ். போனால் நிறப்பிரிவினையை ஏற்றதாகும் என்று லியரி கொன்ஸ்டன்டைன் எதிர்த்தார். கடைசியில் பயணம் நடக்கவில்லை. இருவருமே எங்கட ஆட்கள்தான். யாரோடு ஆடப் போகிறோம், யார் அழைக்கிறார்கள் என்பதுதான் அந்த விவாதத்தின் மையம். சோபர்ஸ் போன பயணத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

ஒக்டோபரில் கடிதம் வந்தது. மேற்கிந்தியக் கிரிக்கெட் சபைக்கு எழுதியது. அங்கே விளையாட்டில் பிரிவினை இல்லை என்று தனக்குச் சொல்லப்பட்டது, தன் மக்களின் உணர்வு எவ்வளவு ஆழமானது என்று தெரியாமல் போனேன், அதற்காக உண்மையாகவே வருந்துகிறேன் என்ற சாரத்தில். பேர்ன்ஹம் ஏற்றுக்கொண்டார், விஷயம் முடிந்தது. அடுத்த வருஷம் இந்திய அணி கரீபியன் போனது. கவாஸ்கரின் முதல் தொடர், சென்னை வெங்கட்ராகவன் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் 5 விக்கெட் எடுத்து இந்தியாவுக்கு வெற்றி தேடித்தந்த தொடர். கால் வைக்கக் கூடாது என்ற அதே ஜோர்ஜ்டவுணில் 1971 மார்ச்சில் சோபர்ஸ் ஆட்டமிழக்காமல் 108 அடித்தார். தலைமை 1972 வரை அவரிடமே இருந்தது. 1975இல் மகாராணியார் பிறிஜ்டவுணுக்கே வந்து சேர் பட்டம் கொடுத்தார். 1998இல் பார்படோஸ் தேசிய வீரர்களில் ஒருவராக அவரை அறிவித்தது. அதே பட்டியலில் 1937இல் நாடுகடத்தப்பட்ட கிளெமன்ட் பெய்னும் இருக்கிறார், சோபர்ஸைக் கண்டித்த தொழிற்சங்கத் தலைவர் வோல்கொட்டும் இருக்கிறார்.

இத்தோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் 1983 இருக்கு. அந்த ஜனவரியில் லோறன்ஸ் ரோ தலைமையில் ஒரு மேற்கிந்திய அணி, பெரிய காசுக்கு, நேரே தென்னாபிரிக்காவுக்கே போனது. வெறும் காசோலையைக் காட்டியும் விவ் றிச்சட்ஸ் போகவில்லை என்பதை எல்லோரும் சொல்லுவினம், சொல்லத்தான் வேணும். போனவர்களில் பெரும்பாலானோர் யார்? அந்தப் பலமான அணிக்குள் இடம் கிடைக்காதவர்கள், முப்பதைத் தாண்டியவர்கள், குளிர்காலத்தில் வேலை இல்லாதவர்கள். கொலின் குறொஃப்டை அங்கே வெள்ளையருக்கான ரயில் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்ததும் ஆயுட்காலத் தடை. 1989இல் தடையை எடுத்தார்கள், அதற்குள் ஆட்டக்காலம் முடிந்துவிட்டது. றிச்சட் ஒஸ்ரின் என்ற சகலதுறை வீரர் கிங்ஸ்டன் தெருக்களில் பிச்சை எடுத்து, 2015இல் இறந்தார்.

1970இல் தெரியாமல் போனேன் என்று சொல்லலாம், 1983இல் சொல்ல முடியாது. இடையில் சொவெற்றோ நடந்துவிட்டது, பொதுநலவாய நாடுகளின் கிளெனீகிள்ஸ் உடன்படிக்கை 1977இல் வந்துவிட்டது. தடை சரிதான் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு கடிதம் எழுதித் திரும்பிவரும் வழி உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரனுக்குச் சில வாரங்களுக்குள் கிடைத்தது, இரண்டாந்தர ஆட்டக்காரனுக்கு ஆறு வருஷமாக அந்தக் கதவு மூடியே கிடந்தது. நாங்கள் எங்களுக்குள் துரோகி என்ற சொல்லைப் பாவிக்கும்போது அது யார் மேல் விழுகுது, யார் மேல் விழாமல் வழுக்கிப் போகுது என்பதோடு சேர்த்து இதை யோசித்துப் பாருங்கோ.

கடைசியாக, எங்களோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம். 1980களின் முற்பகுதியில், புதிதாக டெஸ்ட் அந்தஸ்துப் பெற்ற இலங்கை அணிக்கு சோபர்ஸ் பயிற்சியாளராக இருந்தார். அவை எங்களுக்கு என்ன வருஷங்கள் என்று இந்த மண்டபத்தில் சொல்லத் தேவையில்லை. அவரைக் குற்றம்சாட்ட இதைச் சொல்லவில்லை. 1970இல் கரீபியன் மக்களிடம் தொழிற்சங்கம் இருந்தது, பத்திரிகை இருந்தது, அரசும் கிரிக்கெட் சபையும் இருந்தன. கடிதத்துக்கு ஒரு முகவரி இருந்தது. எங்கட பிள்ளைகள் 2013 ஜூனில் கார்டிஃப் மைதானத்துக்குள், இந்தியா–இலங்கை அரையிறுதிக்கு நடுவில் ஓடினார்கள், காவலாளிகள் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆட்டம் தொடர்ந்தது. அந்த ஓட்டம் சரியா பிழையா என்று இங்கே கனமுறை சண்டை பிடித்திருக்கிறோம். முரளிதரன் பற்றியும்தான். இந்த முறை கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்: அப்படி ஓடுவதற்கு முன்னும் பின்னும் எந்தச் சங்கத்தோடு, எந்த மாணவர் அமைப்போடு, எந்தச் சிங்களத் தோழர்களோடு நாங்கள் கதைத்திருந்தோம்?

தேநீர் வந்துவிட்டது. பத்து நிமிஷத்துக்குப் பிறகு அதைக் கதைப்பம்.